4,940 மீட்டரில் திரும்பிய ராணிப்பேட்டைப் பெண்... குப்பத்துப் படகுகளுக்குக் கிடைத்த டீசல்!

லொபுச்சே. எவரெஸ்ட் பேஸ் கேம்ப்புக்குப் போகிறவர்கள், அதைத் தொடுவதற்கு முந்தைய இரவைக் கழிக்கும் சின்னஞ்சிறு இடம். கடல் மட்டத்திலிருந்து 4,940 மீட்டர் உயரம். 2024 அக்டோபரில் ஓர் அதிகாலை, மணி மூன்று இருக்கும்.

வாந்தி எடுத்துக் களைத்துப்போய் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் சுருண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணை எழுப்பி நிறுத்தினார் வழிகாட்டி. தரையில் பலகைகள் சேரும் கோட்டைக் காட்டி, குதிகாலும் விரலும் ஒட்டுகிறமாதிரி அதன்மேல் அடிமேல் அடி வைத்து நடக்கச் சொன்னார். முதல் அடி சரியாக விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது அடியில் கால் கோட்டைவிட்டு விலகியது. மறுபடியும் நடக்கச் சொன்னார். மறுபடியும் விலகியது.

வழிகாட்டி வேறெதுவும் கேட்கவில்லை. "கீழே போகிறோம். இப்போதே" என்றார்.

பேஸ் கேம்ப்பின் உயரம் 5,364 மீட்டர். மிச்சம் இருந்தது வெறும் 424 மீட்டர். ஆனால், அவருக்கு அந்த நேரத்தில் மனதில் ஓடிய எண் அது இல்லை. 412. அவரை நம்பிப் பணம் கொடுத்தவர்களின் எண்ணிக்கை அது. 'நீ ஏறு, நாங்கள் படகுக்குக் கொடுக்கிறோம்' என்று சொன்னவர்கள். ஏறாமல் திரும்பினால் அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷூ தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர் அவர். வயது 27. பெயர் வேண்டாம் என்கிறார். "படகு ஓட்டினவங்க பேரை யாரும் எழுதல. பாதியில திரும்பின என் பேரு எதுக்கு?" என்பது அவர் சொல்லும் காரணம்.

முடிச்சூருக்கு வந்த படகு

இந்தக் கதை மலையில் தொடங்கவில்லை. 2015 டிசம்பரில், தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் தொடங்கியது.

அப்போது அவர் கல்லூரி முதலாமாண்டு மாணவி. அத்தை வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். டிசம்பர் 1-ம் தேதி தொடங்கி விடிய விடியக் கொட்டிய மழையில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் பதிவானது. அடையாறு கரையைத் தாண்டியது. தரைத்தளம் மூழ்கி, மாடிப்படியில் ஒவ்வொரு படியாகத் தண்ணீர் ஏறியது. அத்தையும் அவரும் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இருவரும் மொட்டைமாடியில் ஒரு தார்ப்பாயின் கீழ் இரவைக் கழித்தார்கள். செல்போனில் சார்ஜ் இல்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை.

மறுநாள் பிற்பகல் தெருவுக்குள் ஒரு ஃபைபர் படகு வந்தது. கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட படகு. அதில் மூன்று பேர். யாரும் சீருடையில் இல்லை. லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார்கள். ஒருவரிடமும் லைஃப் ஜாக்கெட் இல்லை.

மேடான சாலையில் இறக்கிவிட்டபோது அவர் வெறுங்காலுடன் நின்றார். தரையெல்லாம் கண்ணாடித் துண்டுகள். படகில் இருந்த பெரியவர் தன் ரப்பர் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். "போட்டுக்கோ பாப்பா. எனக்குக் காலு காய்ச்சுப்போச்சு" என்றார். அத்தை நீட்டிய 500 ரூபாயை வாங்கவில்லை. "வச்சுக்கங்கம்மா. அரிசி வாங்க ஆவும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த தெருவுக்குப் படகைத் திருப்பினார்.

செருப்பும் ஷூவும் செய்து உலகத்துக்கு அனுப்புகிற ஊரிலிருந்து வந்த பெண்ணுக்கு, அன்றைக்குக் காலில் போட ஒரு ஜோடி கொடுத்தது கடலோரத்து மனிதர்.

படிப்பு முடிந்து, வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளம் வாங்கியதும் அவர் அந்தக் குப்பத்தைத் தேடிப் போனார். மீட்கப்பட்ட ஒருவர் எடுத்திருந்த புகைப்படத்தில், படகின் பக்கவாட்டில் குப்பத்தின் பெயர் தெரிந்தது. பெரியவரைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு ஜோடி தோல் செருப்பு கொடுத்தார். அதன் பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் பேசுகிற உறவாகிவிட்டது. அவர் பெரியவரை 'அண்ணா' என்கிறார். அவர் இன்னும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கமெல்லாம் மறுபடியும் தண்ணீர். மறுபடியும் குப்பத்துப் படகுகள் லாரி ஏறின. ஒரு வாரம் கழித்து அவர் நலம் விசாரிக்கப் போன் செய்தபோது, பெரியவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். தண்ணீருக்குள் மூழ்கிக்கிடந்த ஒரு காரில் மோதி புரொப்பல்லர் உடைந்துவிட்டது. பங்க்கில் டீசலுக்குக் கடன் நிற்கிறது. சரிசெய்கிற வரை கடலுக்குப் போக முடியாது. "அது கீது பாப்பா, எல்லாம் பார்த்துக்கலாம்" என்று முடித்துக்கொண்டார்.

ஊரைக் காப்பாற்றப் போன படகு, வீட்டுக்குச் சோறு போட முடியாமல் கரையில் கிடந்தது. அந்த ஒரு செய்திதான் அவரைத் தூங்கவிடவில்லை.

"அந்தக் காசை நேரா குடுத்துடலாமே?"

எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரை நடக்க வேண்டும் என்பது அவருடைய பழைய ஆசை. அதற்காக இரண்டு வருடமாகச் சீட்டுக் கட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தார். மிக்ஜாமுக்குப் பிறகு இரண்டையும் சேர்த்துவிட்டார். மலை ஏறுவது தன் செலவில். அதைச் சொல்லி ஊரில் திரட்டும் பணம் மொத்தமும் குப்பத்துக்கு.

வீட்டில் முதல் கேள்வி அம்மாவிடமிருந்து வந்தது. "மலைக்கும் படகுக்கும் இன்னாடி சம்பந்தம்?"

கம்பெனி பஸ்ஸில் அடுத்த கேள்வி வந்தது. "மலைக்குப் போற அந்தக் காசை நேரா அவங்ககிட்டயே குடுத்துடலாமே?"

இது நியாயமான கேள்வி. இப்படிப் பயணம் போய் நிதி திரட்டுகிற எல்லோரையும் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வியும்கூட. அவர் மழுப்பவில்லை. "குடுக்கலாம். ஆனா எனக்குப் போகணும்னு ஆசையும் இருக்கு. அதை மறைச்சுட்டு தியாகம்னு சொன்னா பொய். நான் மட்டும் குடுத்தா ஒரு ஆளு குடுத்ததா முடிஞ்சுடும். நான் நடந்தா நாலு பேரு 'எதுக்குடி நடக்குற'ன்னு கேப்பாங்க. கேட்டா அந்தப் படகைப் பத்திச் சொல்லலாம்ல?"

பணம் தன் கைக்கு வரக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். மீனவர்களின் சங்கக் கணக்குக்கே நேராகப் போகும்படி ஏற்பாடு செய்தார். ஸ்டிச்சிங் லைனில் வேலை பார்க்கும் ஓர் அக்காதான் ஒரு புது வழியைத் தொடங்கிவைத்தார். "நீ ஏறுற ஒவ்வொரு மீட்டருக்கும் பத்துப் பைசா. போயிட்டு வந்து கணக்கு சொல்லு, தர்றேன்." பேஸ் கேம்ப் வரை போனால் 536 ரூபாய் 40 காசு. அந்தக் கணக்கு லைன் முழுக்கப் பிடித்துப்போய்விட்டது. ஐந்து பைசா, இருபது பைசா, ஒரு ரூபாய் என்று நோட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

அம்மாவின் கேள்விக்கு மட்டும் உடனே பதில் கிடைக்கவில்லை. ஒரு நாள் வாலாஜா ரோடு ரயில் நிலையத்தில் நின்றபோது கிடைத்தது. மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே, கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும் அல்லவா? நம் ஊரானாலும் எவரெஸ்ட்டானாலும் உயரத்தை அளப்பது கடலிலிருந்துதான். "எல்லா மலையும் கடல்லேர்ந்துதாம்மா ஆரம்பிக்குது" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். அம்மா சமாதானமானாரா என்று தெரியாது. பொடி இட்லி கட்டிக்கொடுக்க ஒப்புக்கொண்டார்.

நெசவாலை ஊரில் குலுங்கிய உண்டியல்

கடலே இல்லாத ஊர்க்காரர்கள் கடல் மீட்புக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு 130 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஊர் பதில் சொல்லியிருக்கிறது.

பிரிட்டனில் கடலில் தவிப்பவர்களைக் காப்பாற்றும் ஆர்.என்.எல்.ஐ. என்ற உயிர்காப்புப் படகு நிறுவனம் 1824-ல் தொடங்கப்பட்டது. இரண்டு நூற்றாண்டு கடந்த பிறகும் அது அரசுத் துறை அல்ல. பெரும்பாலும் மக்களின் நன்கொடையில் நடக்கிறது. படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். மளிகைக் கடைக்காரர், ஆசிரியர், மீனவர் என்று அந்தந்த ஊர்க்காரர்கள். அழைப்பு வந்தால் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள்.

1886-ல் 'மெக்சிகோ' என்ற கப்பலைக் காப்பாற்றப் போன இரண்டு படகுகளைச் சேர்ந்த 27 பேர் ஒரே இரவில் இறந்தார்கள். அந்தக் குடும்பங்களின் கதியைப் பார்த்த சார்லஸ் மகாரா என்ற பருத்தி ஆலை முதலாளி, 1891-ல் மான்செஸ்டர் நகரத் தெருக்களில் நிதி திரட்ட ஏற்பாடு செய்தார். படகுகளைத் தெருவில் ஊர்வலமாக இழுத்துவந்தார்கள். ட்ராம் வண்டிகளின் மேல்தட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் மாடி ஜன்னலில் நின்றவர்களுக்கும் எட்டும்படி நீண்ட கழிகளின் நுனியில் பைகளைக் கட்டி நீட்டினார்கள். ஒரே நாளில் 5,000 பவுண்டுக்கும் மேல் சேர்ந்தது. தெருவில் உண்டியல் குலுக்கி நிதி திரட்டும் வழக்கத்துக்கே இதைத்தான் முன்னோடி என்கிறார்கள்.

மான்செஸ்டர் கடற்கரை நகரம் அல்ல. நூல் நூற்று, துணி நெய்து ஏற்றுமதி செய்த ஆலை நகரம். அந்தத் துணியை ஏற்றிப் போனது கப்பல்தான்.

ராணிப்பேட்டையும் ஆம்பூரும் வாணியம்பாடியும் அப்படித்தானே? இங்கே பதனிடும் தோலும், தைக்கும் ஷூவும் கண்டெய்னரில் ஏறி, துறைமுகம் போய், கடல் கடக்கின்றன. கடலைப் பார்க்காதவர்களின் வீட்டு உலையும் கடலை நம்பித்தான் கொதிக்கிறது.

மீட்புப் பணியும் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் இருப்பது அரக்கோணத்தில். கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி விமானத் தளமும் அங்கேதான். 2021 நவம்பரில் பாலாற்றில் விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கும் மேல் வெள்ளம் போனதை இந்த ஊர் கண்ணால் பார்த்தது. வருஷமெல்லாம் மணலாகக் கிடக்கும் ஆறு ஒரே இரவில் என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

படை வரும். நிச்சயம் வரும். ஆனால் அது வந்து சேர்கிற வரையிலான சில மணி நேரங்களில், பக்கத்தில் யாரிடம் படகு இருக்கிறதோ அவர்தான் மீட்புப் படை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரள மீனவர்கள் 669 படகுகளில் போய் 65,000-க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றினார்கள் என்கிறது அந்த அரசின் கணக்கு. கொடுத்த பணத்தை வேண்டாம் என்று மறுத்தவர்களும் அவர்களில் உண்டு. மறுப்பது அவர்களின் பெருந்தன்மை. மறுத்துவிட்டார்களே என்று நாம் டீசல் காசையும் மறந்துவிட்டால், அது நம்முடைய கடன்.

1,305 படிகள்

பயிற்சிக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் சோளிங்கர். யோக நரசிம்மர் கோயிலுக்குப் போகும் 1,305 படிகள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல், முதுகுப் பையில் எட்டு கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை ஏறி இறங்கினார். "ரோப் கார் வந்தப்புறமும் மூட்டையத் தூக்கினு ஏறுதே இந்தப் பொண்ணு. இன்னா வேண்டுதலோ!" என்று படியோரத்தில் ஒரு பாட்டி பரிதாபப்பட்டார்.

ஷூவை மூன்று மாதம் முன்பே வாங்கிவிட்டார். தொழில் புத்தி. பெட்டியைத் திறந்ததும் தையலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். புது ஷூவோடு மலைக்குப் போகக் கூடாது, கால் அதற்கும் அது காலுக்கும் பழக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தொழிற்சாலைக்குள்ளேயே அதைப் போட்டு நடந்தார்.

ஆனால் கால் வலுவும் உயரமும் வேறு வேறு. சோளிங்கர் படிகள் தொடையைப் பலப்படுத்தும். ஆக்சிஜன் குறைவதற்கு உடம்பைப் பழக்காது. பேஸ் கேம்ப் உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ பாதிதான். அதனால்தான் 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை ஓய்வு எடுக்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். யாருக்கு உயரத்தால் நோய் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மாரத்தான் ஓடுகிறவருக்கும் வரலாம்.

லுக்லாவில் இறங்கி நடக்கத் தொடங்கினார். நாம்சே பஜார், 3,440 மீட்டர். அங்கே ஒரு நாள் ஓய்வு. தெங்போச்சே, 3,860. டிங்போச்சே, 4,410. அங்கேயும் ஒரு நாள் ஓய்வு. அங்கேதான் தலைவலி ஆரம்பித்தது.

வழிகாட்டி தினமும் காலையில் கேட்பார். தலைவலி இருக்கிறதா, தூக்கம் வந்ததா, சாப்பிட முடிகிறதா? அன்று காலை அவர் பொய் சொன்னார். "ஐ யம் ஃபைன்."

"ஊருக்காக வந்திருக்கோம், திரும்பக் கூடாதுன்னு ஒரு வீம்பு. நோட்டுல எழுதுன ஒவ்வொரு பேரும் கண்ணுக்கு முன்னாடி நின்னுச்சு. தனக்காகப் போயிருந்தா, தலை வலிக்குதுன்னு அன்னிக்கே சொல்லியிருப்பேன்" என்கிறார் இப்போது.

நல்ல காரியத்துக்காகப் போகும் பயணத்தில் இருக்கிற ஆபத்து இதுதான். கொடுத்தவர்களின் அன்பே முதுகில் ஒரு மூட்டையாக ஏறிக்கொள்ளும். அரிசி மூட்டையை இறக்கிவைக்கலாம். இதை இறக்கத் தெரியாது.

மறுநாள் லொபுச்சே. மாலையில் சாப்பாடு இறங்கவில்லை. இரவு வாந்தி. அதிகாலையில் அந்த மூன்றாவது அடி.

மலைக்கும் ஒரு மீட்புப் படகு

தலைவலியும் வாந்தியும் மட்டும் என்றால் அங்கேயே தங்கிப் பார்க்கலாம். ஆனால் நடை தள்ளாடினால், அது மூளையில் நீர் கோக்கத் தொடங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. அதற்கு முதல் மருந்து கீழே இறங்குவது. விடியும் வரைகூட வழிகாட்டி காத்திருக்கவில்லை. நெற்றி விளக்கு வெளிச்சத்தில், ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் சுமை தூக்கும் இளைஞரும் தோள்கொடுக்க, பெரிச்சே என்ற கிராமத்தை நோக்கி இறங்கினார்கள்.

அங்கே ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் ஒரு சிறிய மருத்துவ நிலையம் இருக்கிறது. 1973-ல் தொடங்கப்பட்ட அமைப்பு அது. மலையேற்ற சீசன்களில் தன்னார்வ மருத்துவர்கள் அங்கே வந்து தங்கி வேலை பார்க்கிறார்கள். வெளிநாட்டுப் பயணிகளைப்போலவே சுமை தூக்கும் உள்ளூர்க்காரர்களையும் பார்க்கிறார்கள். மாலை நேரங்களில், உயரத்தால் வரும் நோயைப் பற்றிப் பயணிகளுக்கு எடுத்துச் சொல்கிறார்கள்.

ஆக்சிஜன் முகமூடியோடு படுத்திருந்தபோது அவருக்கு அது புரிந்தது. கடலில் உயிர்காக்கும் தன்னார்வலர்களுக்காகக் கிளம்பியவரை, மலையில் உயிர்காக்கும் தன்னார்வலர்கள் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். 2015-ல் மொட்டைமாடிக்கு வந்த அதே படகு, இந்த முறை மலைமேல் வந்திருந்தது.

இறங்கியதும் மருந்தும் ஓய்வுமாக உடம்பு தேறத் தொடங்கியது. ஆனால் மறுபடியும் மேலே போக அனுமதி இல்லை. சிக்னல் கிடைத்ததும் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினார்.

'நான் பேஸ் கேம்ப் போகல. 4,940 மீட்டர்ல உடம்பு முடியாம திரும்பிட்டேன். என்னை நம்பிக் குடுத்தீங்க. யாருக்காவது பணம் திரும்ப வேணும்னா தயங்காம சொல்லுங்க. என் சம்பளத்துலேர்ந்து தர்றேன்.'

அனுப்பிவிட்டு போனைத் திருப்பிவைத்துவிட்டார்.

"திரும்பி வந்தானான்னுதான் கேப்பாங்க"

இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது முதலில் இருந்தது குப்பத்துப் பெரியவரின் குரல் செய்தி. பின்னணியில் அலைச் சத்தம்.

"பாப்பா... கடலுக்குப் போனவன் எவ்ளோ தூரம் போனான்னு எங்கூர்ல யாரும் கேக்க மாட்டாங்க. திரும்பி வந்தானான்னுதான் கேப்பாங்க. நீ வந்துடு. அது போதும்."

அது ஆறுதலுக்காகச் சொன்ன வார்த்தை இல்லை. மீட்புப் பணியில் இருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்லும் முதல் விதி அது. காப்பாற்றப் போகிறவர் திரும்பி வர வேண்டும்.

அப்படித் திரும்பாத ஓர் இரவும் உண்டு. 1981 டிசம்பர் 19. இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரை. 'யூனியன் ஸ்டார்' என்ற கப்பல் புயலில் இன்ஜின் நின்று தத்தளித்தது. மௌஸ்ஹோல் என்ற மீனவ ஊரிலிருந்து 'சாலமன் பிரவுன்' என்ற உயிர்காப்புப் படகு கிளம்பியது. தலைவர் ட்ரெவெலியன் ரிச்சர்ட்ஸ். படகில் ஏற ஓடிவந்த நீல் பிராக்மன் என்ற இளைஞரை அவர் ஏற்றிக்கொள்ளவில்லை. இளைஞரின் தந்தை ஏற்கெனவே படகில் இருந்தார். இப்படியோர் இரவில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிப்போக மாட்டேன் என்றார்.

கப்பலிலிருந்து நான்கு பேரை மீட்டுவிட்டதாக வானொலியில் தகவல் வந்தது. அதன் பிறகு தொடர்பு இல்லை. படகில் போன எட்டுப் பேரும் கப்பலில் இருந்த எட்டுப் பேரும் இறந்துபோனார்கள். அந்தச் சின்ன ஊரின் குடும்பங்களுக்காக மக்கள் 30 லட்சம் பவுண்டுக்கும் மேல் கொடுத்தார்கள். ஒரு நாளைக்குள்ளாகவே அதே ஊரில் புதிய படகுக் குழுவுக்கு ஆள் சேர்ந்துவிட்டது. அன்றைக்கு ஏற்றிக்கொள்ளப்படாத நீல் பிராக்மன், பிற்காலத்தில் அங்கே உயிர்காப்புப் படகின் தலைவரானார்.

துணிச்சல் என்றால் போவது மட்டும் இல்லை. 'நீ வர வேண்டாம்' என்று ஒருவரைக் கரையில் நிறுத்துவதும் துணிச்சல்தான். லொபுச்சேயில் அந்த வழிகாட்டி செய்ததும் அதுதான்.

இறங்கினதுக்கும் காசு

குரூப்பில் ஒரே ஒருவர் மட்டும் பணத்தைத் திரும்பக் கேட்டார். 500 ரூபாய். சம்பளம் வந்ததும் அவர் அதைக் கொடுத்துவிட்டார். வருத்தம் இல்லையாம். "கேளுங்கன்னு சொன்னது நான். கேட்டவர் மேல கோவப்படலாமா?"

ஸ்டிச்சிங் லைன் அக்கா ஊர் திரும்பிய முதல் நாளே நோட்டோடு வந்தார். "4,940 மீட்டருக்குப் பத்துப் பைசா வீதம் 494 ரூபா. சரியா?"

"சரிக்கா."

"அதெப்படிச் சரி? ஏறினவ இறங்கித்தானே வந்த? இறங்கினதுக்கும் சேர்த்து 988. மீதி பன்னண்டு ரூபா சில்லறை இல்ல, ஆயிரமா வச்சுக்கோ."

லைன் முழுக்க அதே கணக்கைப் பிடித்துக்கொண்டது. மீட்டருக்கு ஐந்து பைசா சொன்னவர்கள், இருபது பைசா சொன்னவர்கள் எல்லோரும் இறங்கியதற்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். சங்கக் கணக்கில் கடைசியாகச் சேர்ந்தது 1,72,900 ரூபாய்.

அதில் 60,000 ரூபாய்க்கு 40 லைஃப் ஜாக்கெட் வாங்கினார்கள். 22,900 ரூபாய்க்குக் கயிறு, மிதவை வளையம், தண்ணீரிலும் எரியும் டார்ச். மீதி 90,000 ரூபாய் டீசலுக்கும் இன்ஜின் பழுதுக்குமான தனி இருப்பு. வெள்ளத்துக்குப் போகும்போது மட்டும், குப்பத்துப் பெரியவர்கள் இருவர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும். பில்கள் எல்லாம் குரூப்பில் வந்துவிட்டன.

பெரிய தொகை இல்லைதான். ஆனால் அடுத்த முறை படகு லாரி ஏறும்போது, டீசலுக்கு யார் வீட்டு நகையும் அடகுக்குப் போகாது.

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. ராணிப்பேட்டையிலும் நல்ல மழை. மாலையில் அவருடைய போனுக்கு ஒரு படம் வந்தது. குப்பத்தில் படகுகளுக்குப் பக்கத்தில் பத்துப் பதினைந்து பேர், ஆரஞ்சு நிற ஜாக்கெட்டில். நடுவில் பெரியவர். கூப்பிட்டால் கிளம்பத் தயாராக நிற்கிறோம் என்று கீழே எழுதியிருந்தது.

அம்மாவிடம் படத்தைக் காட்டினார். அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "அந்தச் செருப்புக் குடுத்தவரு யாரு?" என்று கேட்டார்.

அவர் விரலால் பெரியவரைத் தொட்டுக் காட்டினார். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். தொழில் பழக்கம், விடவில்லை. உடனே ஒரு செய்தி அனுப்பினார்.

'அண்ணா, இடதுபக்கம் மூணாவதா நிக்கிறவரோட ஜாக்கெட்ல இடுப்புப் பட்டி தையல் பிரிஞ்சிருக்கு. இப்பவே மாத்திடுங்க.'